மூன்று வரிசைத் தையல்

அத்தியாயம் 17

உடுப்பை உள்பக்கமாகத் திருப்பாமல் இருந்திருந்தால், ஆரோக்கியராஜ் இந்தச் சனிக்கிழமையும் எட்டரை மணிக்குக் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

வாரச் சம்பள நாளில் திருப்பூரில் யாரும் லீவு போடுவதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவரும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் போட்டிருக்கிறார். அது மனைவி மரியபுஷ்பத்தை அடக்கம் செய்த நாள். இது இரண்டாவது.

திருப்பாமல் இருக்கவும் அவரால் முடியாது. அவர் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற ஒற்றைச் சட்டையைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று தைத்துக் கொடுப்பது அவர் வேலை. சட்டை கைக்கு வந்ததும் டேப்பை எடுக்க மாட்டார். முதலில் உள்ளே வெளியாகத் திருப்புவார். எங்கே தையலைப் பிரித்து மறுபடி போட்டிருக்கிறது, எங்கே மெஷின் மாறியது, எங்கே ஆள் மாறினான், எல்லாம் அவருக்கு அங்கேதான் கிடைக்கும்.

வியாழக்கிழமை வந்த பையிலிருந்ததையும் அப்படித்தான் திருப்பினார்.

தார் எஸ் ஸலாமிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு கன்னியாஸ்திரி, தூத்துக்குடிப் பக்கம் தன் ஊருக்குப் போகிற வழியில் திருப்பூர் ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலேயே அந்தப் பையை நீட்டினார். சிஸ்டர் ஜெயபாரதி கொடுக்கச் சொன்னாவ, இது அளவு உடுப்பு, இதேபோல நாலு தச்சு அனுப்பணுமாம், என்றார். மகளைப் பார்த்தீர்களா என்று ஆரோக்கியராஜ் கேட்டதற்கு, பை நாலு கை மாறித் தன்னிடம் வந்தது என்றும், தான் ஜெயபாரதியைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்றும் சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

ஜெயபாரதி ஆரோக்கியராஜின் மூத்த மகள். துறவறம் போய்ப் பதினேழு வருஷம். மறைப்பணிக்கென்று தான்சானியா போய் ஒன்பது வருஷம். தபோரா என்ற ஊரிலிருந்து மூன்று மணி நேரம் மண் ரோட்டில் போனால் வருகிற ஒரு கிராமத்தில் சின்ன மருந்தகம் நடத்துகிறாள். இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை வந்தாள். இரண்டாவது முறை வந்தபோது அம்மாவின் குழி மேல் போட்ட மாலைகள் காய்ந்திருந்தன.

வருஷத்துக்கு நாலு உடுப்பு. வெளிர் சந்தன நிற டெரிகாட்டன், முழுக்கை, கணுக்கால் வரை. கம்பெனி நேரம் முடிந்ததும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அதே மெஷினில் தைத்துவிடுவார். இருபக்கமும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடுவார். பிள்ளை சதை போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளட்டுமே என்றுதான்.

பையிலிருந்த உடுப்பில் பக்கத் தையலைப் பிரித்திருக்கவில்லை. உள்ளே பிடித்துச் சிறிதாக்கியிருந்தது.

ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவர் போட்ட தையலுக்கு உள்ளே அரை அங்குலம் தள்ளி நீல நூலில் ஒரு வரிசை. அதற்கும் உள்ளே வெள்ளை நூலில் ஒரு வரிசை. அதற்கும் உள்ளே கறுப்பு நூலில் ஒரு வரிசை, மூன்றும் கையால் போட்ட ஓட்டம். மார்பில் மட்டும் ஆறு அங்குலம் போயிருந்தது.

என்ற பிள்ளை கரைஞ்சிட்டிருக்கறா, என்று அவர் அந்தத் துணியிடமே சொன்னார்.

---

சனிக்கிழமை காலை மகன் அருள்செல்வன் பைக்கில் வந்து இறங்கியபோது அவர் வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக இருந்தார். அருள்செல்வன் அவிநாசியில் குடியிருக்கிறான். வேறொரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அவன் மனைவி சித்ரகலா இட்லி கொடுத்துவிட்டிருந்தாள். தூக்குப்போசியை மேஜையில் வைத்துவிட்டு அவன் உடுப்பைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாமுங்கப்பா."

"கேட்டா என்ன சொல்லுவா?"

"நல்லா இருக்கறேன்னு சொல்லும்."

"அப்பறம்?"

ஜெயபாரதி இருக்கிற கிராமத்தில் சிக்னல் கிடையாது. சனிக்கிழமைகளில் மருந்து வாங்கத் தபோராவுக்கு வரும்போதுதான் அவள் பேசுவாள். பேச்சு அறுந்து அறுந்து வரும், முகம் வராது. வாரா வாரம் படங்கள் மட்டும் அனுப்புவாள். தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கிற தாய்மார்கள், மாமரத்தடியில் ஞானோபதேச வகுப்பு, புதிதாகத் தோண்டிய ஆழ்குழாய். எல்லாப் படத்தையும் எடுப்பது அவள்தான், அதனால் எதிலும் அவள் இல்லை. ஒரு படத்தில் தரையில் அவள் நிழல் விழுந்திருந்தது. அதை மட்டும் ஆரோக்கியராஜ் போனில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நிழலில் மெலிவு தெரியுமா என்று நேற்றுப் பெரிதாக்கிக்கூடப் பார்த்துவிட்டார்.

சபைத் தலைவியிடம் கொடுக்கக் கடிதம் எழுதி முடித்திருந்தது. இரண்டு நாளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிய ஒரு பக்கம். பெற்ற தகப்பன் என்ற முறையில் தாழ்மையுடன், என்று ஆரம்பித்து, என் மகளின் உடல்நிலை கருதி அவளை இங்கே திருப்பி அழைத்துக்கொள்ளும்படி, என்று முடிந்தது.

அருள்செல்வன் படித்தான். மடித்துக் கொடுத்தான்.

"இதைக் குடுத்தா அக்கா உங்களை மன்னிக்குமுங்களா?"

"உசுரோட இருந்தா மன்னிப்பா. வண்டிய எடு."

---

சபையின் தலைமை இல்லம் அவிநாசியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. தலைவியான ப்ரொவின்ஷியல் மதர் அறுபதைத் தொட்டவர். கடிதத்தை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். உடுப்பைக் காட்டச் சொன்னார்.

ஆரோக்கியராஜ் மேஜை மேல் விரித்து விளக்கினார். கம்பெனியில் சரக்கு வாங்க வருகிற பையரின் ஆட்களுக்கு விளக்குகிற அதே நிதானம். இது நான் போட்டதுங்க. இது முதல் தடவை பிடிச்சது. இது அடுத்தது. இது கடைசி. கறுப்பு நூல் இன்னும் தொவைக்காத நூலுங்க மதர், போட்டு ரொம்ப நாளாகலை.

மதர் அந்தக் கறுப்பு நூலை விரலால் தடவினார்.

அவர் சொன்னது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் ஒரு சிஸ்டர், நன்றாக இருக்கிறேன் நன்றாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார். கடைசியில் பெட்டியில்தான் வந்தார். அன்றிலிருந்து மறைப்பணியில் இருப்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டார் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

"இன்னைக்கு நாலு மணிக்குக் கவுன்சில் இருக்கு. யார் யார் அங்கேயே தொடரணும், யார் வரணும்னு முடிவு பண்றோம். ஜெயபாரதி சிஸ்டர் பேரும் இருக்கு. உங்க லெட்டர் இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், கூப்பிட்டுருவேன்."

"ரொம்ப நன்றிங்க மதர்."

"அவசரப்படாதீங்க. பிள்ளைகிட்டயும் பேசிப் பாருங்க. கவுன்சிலுக்கு முன்னாடி நானே உங்களுக்குப் போன் பண்றேன். இந்த லெட்டர் இருக்கட்டும்னு அப்போ உங்க வாயால சொன்னாப் போதும், அந்த ஒரு வார்த்தை."

அவளை இங்கே எங்கே போடுவீர்கள் என்று ஆரோக்கியராஜ் கேட்டார். கேட்டிருக்கக் கூடாதுதான். மதர் லேசாகச் சிரித்து, உடம்பு தேறும் வரை திருப்பூர் கான்வென்டிலேயே இருக்கட்டுமே என்றார்.

திருப்பூர் கான்வென்ட். வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம்.

---

திரும்பி வருகிற வழியில் ஒரு பேக்கரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, பன் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முழுசையும் தின்றார். கடைக்காரர் முன்னப்பின்னத் தெரியாதவர். அவரிடம், என்ற பொண்ணு வர்றாளுங்க, ஆப்பிரிக்காவுல இருந்து, என்றார். கடைக்காரர் சம்பிரதாயத்துக்கு எப்போதுங்க என்று கேட்டார். சீக்கிரமுங்க, என்று சொல்லும்போது ஆரோக்கியராஜின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அருள்செல்வன் டீயைக் குடிக்காமல் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா. அக்காவுக்கு ஒடம்பு முடியலீன்னு லெட்டர் குடுத்துட்டு வந்திருக்கறோம்."

"தெரியுமடா."

"தெரிஞ்சா சரிங்க."

ஆரோக்கியராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து தனக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் வரிசையைப் பார்த்தபோது பதறியது நிஜம். இரண்டாவதைப் பார்த்தபோதும் நிஜம். மூன்றாவதைப் பார்த்த பிறகு அவர் மெல்ல எழுந்து போய் வீட்டை ஒட்டடை அடித்தார். முன் அறைக்கு ஒரு புது பல்பு வாங்கிப் போட்டார். நாற்காலியின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்தார். உடம்பு முடியாத மகளை நினைத்து வருந்துகிறவன் செய்கிற வேலைகளா இவை?

மகள் நோயாளியாக இருப்பதில் அவருக்குச் சந்தோஷம் வந்திருந்தது. வேறு எந்தக் காரணத்துக்கும் அவள் வரமாட்டாள். இதற்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மறைபரப்பு ஞாயிறு அன்று பங்குச் சாமியார் அவரை முதல் பெஞ்சில் உட்கார வைப்பார். பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்த தகப்பனார், என்று பீடத்திலிருந்து சொல்வார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கைகூப்புவார். பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அரை டம்ளர் அரிசி போட்டுச் சோறு வடிப்பார்.

நான் எங்கே கொடுத்தேன், என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. போகட்டுமா அப்பா என்று அவள் கேட்டாள். மரியபுஷ்பம் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குக் கொடுத்தது என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. கன்னியாஸ்திரி வீட்டில் வந்து தங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கான்வென்ட் வராந்தாவில் அரை மணி நேரம். சாப்பிட்டீங்களா என்று அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

---

மத்தியானச் சாப்பாடு அவிநாசியில் மகன் வீட்டில். சித்ரகலா அவரைப் பார்த்ததும் வாங்க மாமா என்று சொல்லிவிட்டு, இந்த ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா என்று கேலி செய்தாள். கொள்ளு ரசம் வைத்திருந்தாள். அவர் இரண்டாவது கரண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டபோது அருள்செல்வனின் போன் அடித்தது.

ஜெயபாரதி.

அருள்செல்வன் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான்.

"அருளு, அப்பா போன் எடுக்கலியே? ரெண்டு தடவ அடிச்சேன்."

"இங்கதானிருக்கறாருக்கா. பேசு."

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுட்டிருக்கறேன் அம்மிணி. உனக்கு ஒடம்பு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கறேனுங்கப்பா."

ஆரோக்கியராஜ் மகனைப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

"மறைக்காத அம்மிணி. உடுப்ப மூணு தடவ புடிச்சிருக்குது. நா பாத்துட்டேன்."

லைன் போய்விட்டது என்று சித்ரகலா நினைத்தாள். பிறகு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. பதினேழு வயதில் சமையலறையிலிருந்து தெரு முனை வரை கேட்குமே, அதே சிரிப்பு.

"ஐயோ அப்பா. அது என்ற அளவில்லீங்க."

அவள் விட்டு விட்டு வந்த சிக்னலில் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான் விஷயம். அந்தக் கிராமத்திலிருந்தே நாலைந்து பெண்கள் சபையில் சேர்ந்திருக்கிறார்கள். நீமா என்று ஒருத்திக்கு உடுப்புக் கொடுக்கிற சடங்கு வந்தபோது துணி வந்து சேரவில்லை. ஜெயபாரதி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். நீமா அதை நீல நூலால் பிடித்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேறு கிடைத்ததும் அது அன்னாவுக்குப் போயிற்று. அன்னா வெள்ளை நூல். அப்புறம் தெக்லாவுக்குப் போயிற்று. தெக்லா ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். கறுப்பு நூல் அவளுடையது. வருகிற ஜனவரியில் இன்னும் நாலு பேருக்கு உடுப்பு. நாலு பேரும் தெக்லா அளவுதான்.

"நா ஒரு சீட்டு எழுதிப் பையிலயே வெச்சனே, இருக்கலீங்களா?"

நாலு கை மாறியதில் சீட்டு எந்தக் கையில் நின்றதோ.

"உங்க கையால தெச்சதுதான் வேணும்னு நிக்கறாளுகப்பா. இங்க உங்களுக்குப் பேரே இந்தியா பாபான்னுதான், பாபான்னா இங்க அப்பாங்க."

"அப்ப நா தெச்சு அனுப்புனதெல்லாம்?"

"எல்லாத்தையும் போட்டுட்டிருக்கறோமுங்க. எனக்கு ரெண்டு வெச்சிருக்கறேன். ஒண்ண தொவச்சா ஒண்ணு."

வருஷத்துக்கு நாலாக ஒன்பது வருஷம் தைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் மடிக்கும் முன்னால் தோளில் ஒரு முறை கை வைத்து நீவி விடுவார். இத்தனை வருஷமாக யார் யார் தோளை நீவியிருக்கிறார்?

"இருங்கப்பா, இப்பச் சிக்னல் கொஞ்சம் நல்லா வருது. மொகத்தக் காட்டறேன்."

திரை இருண்டது, சதுரம் சதுரமாகக் கலைந்தது, பிறகு தெளிந்தது. மகள். வெயிலில் கறுத்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. தாடைக்குக் கீழே அவள் அம்மாவுக்கு இருந்த அதே மடிப்பு விழுந்திருந்தது. இளைக்கவில்லை. ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். அவர் விட்ட ஒரு அங்குலத்தைப் பிரித்துத்தான் போட்டிருப்பாள்.

"நல்லாத்தான் இருக்கறே அம்மிணி," என்றார் ஆரோக்கியராஜ். அவர் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று சித்ரகலாவுக்கு விளங்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லோணுமுங்கப்பா. இங்கயே இன்னும் ஆறு வருசம் இருக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கறேன். சின்னதா ஒரு பிரசவ வார்டு கட்டோணும். இன்னிக்குக் கவுன்சில்ல முடிவாயிரும். நீங்க செபம் பண்ணிக்கங்க. உங்க செபம்னா நடக்கும்."

படம் உறைந்தது. பாதி சிரிப்போடு அவள் முகம் அப்படியே நின்றது.

"சரி அம்மிணி," என்றார் அவர், அந்த நின்ற முகத்திடம்.

---

"இப்பவே மதருக்குப் போன் போட்டுருங்கப்பா," என்றான் அருள்செல்வன்.

"அவங்களே கூப்படறேன்னாங்கல்ல."

"கூப்படறதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டா நல்லதுங்க."

அவர் கை கழுவினார். துண்டில் துடைத்தார். முன் அறையில் போய் உட்கார்ந்தார். இரண்டரை ஆயிற்று. மூன்று ஆயிற்று. பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

பையிலிருந்து உடுப்பை எடுத்து மறுபடி உள்பக்கம் திருப்பினார்.

நீல நூல் போட்டவள் இடக்கைக்காரி. தையல் அத்தனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளை நூல் போட்டவளுக்கு ஊசி பிடித்தே பழக்கமில்லை, நாலு தையலுக்கு ஒரு தரம் முடிச்சுப் போட்டிருந்தாள். கறுப்பு நூல்காரி நறுவிசானவள், பல்வரிசை போல ஒரே அளவு. மூன்றும் மூன்று கை. மெஷின் சத்தத்தில், பாதி வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல் பார்த்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனியில் நாற்பது பேர் தைத்ததைக் கலந்து போட்டால் ஆள் வாரியாகப் பிரித்து வைக்கிற மனிதர்.

வியாழக்கிழமை தெரியவில்லை. இல்லை, தெரிய வேண்டாம் என்று இருந்தார்.

அருள்செல்வன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா அப்பா?"

அவர் தலையசைத்தார்.

"அக்கா இங்க வந்தா ஞாயித்துக்கெழம அரை மணி நேரம் பாப்பீங்க. அதுக்காவ ஊட்டுக்கு வெள்ளையடிக்காத கொறதான். நா பதினாலு கிலோமீட்டர்ல இருக்கறேன். இந்த ஊட்டுக்கு நீங்க வந்து எத்தன மாசமாச்சுன்னு தெரியுங்களா?"

"வேல இருக்குதல்லடா."

"ஏழு மாசமுங்க. வாங்க, எங்ககூடவே இருங்கன்னு ரெண்டு வருசமா கூப்படறோம். சித்ரா உங்களுக்குன்னு ஒரு ரூம ஒழிச்சு வெச்சுட்டு அப்படியே பூட்டியே வெச்சிருக்கறா. நீங்க தனியா இருக்கறீங்கன்னு ஊரே பாவப்படுது. நா என்னத்துக்கு இருக்கறேன்?"

அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆரோக்கியராஜ் மகனைப் பார்த்தார். காது ஓரத்தில் நரை. எப்போது வந்தது? வாரா வாரம் தூக்குப்போசியோடு வந்து நிற்கிறவன். இவன் வருவானா என்று அவர் ஒரு நாளும் வாசலைப் பார்த்ததில்லை. அதனால் இவனைப் பார்க்காமலே போய்விட்டதோ? ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

போன் அடித்தது. அவருடைய போன். மூன்று நாற்பது.

"மதருங்க," என்றான் அருள்செல்வன் திரையைப் பார்த்து. "சொல்லிருங்கப்பா. தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லுங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவர் போனைக் காதில் வைத்தார்.

"பேசினீங்களா?" என்றார் மதர்.

"பேசுனேனுங்க மதர்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்கறேன்னுதான் சொன்னா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் மதர். கவுன்சில் சிஸ்டர்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள் என்றும், அவரை வற்புறுத்த விரும்பவில்லை என்றும், தகப்பன் மனசு எதைச் சொல்கிறதோ அதைச் சொன்னால் போதும் என்றும் சொன்னார்.

"லெட்டர் அப்படியே இருக்கட்டுங்களா? இல்ல, எடுத்துக்கறீங்களா?"

ஆரோக்கியராஜ் கண்ணை மூடினார். ஆறு வருஷம். தனக்கு அப்போது அறுபத்தெட்டு. இருந்தால். அரை டம்ளர் அரிசி. நிழல் மட்டும் விழுந்த ஒரு படம். ஆண்டவரே, என்று தொடங்கினார். என்ன கேட்பது என்று தெரியாமல் செபம் அங்கேயே நின்றுவிட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேனுங்க."

"லெட்டர்?"

"இருக்கட்டுமுங்க மதர்."

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். எதிரில் மகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மதர் கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், என்று ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

சித்ரகலா காபியோடு வந்தாள். மதர் என்ன சொன்னாங்க மாமா என்று கேட்டாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அருளு," என்றார் அவர். "அவ கொஞ்ச நாளு இங்க இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு வருசம். அப்பறம் போய்க்கட்டும்."

அருள்செல்வனின் போன் ஒரு முறை அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பாவின் கண்ணுக்கு நேராக நீட்டினான். அக்காவிடமிருந்து ஒரு வரி.

அப்பா செபம் பண்றாரா பாரு. பயமா இருக்கு.

ஆரோக்கியராஜ் அதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். அருள்செல்வன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ அடிக்கத் தொடங்கினான்.

"என்னடா எழுதற?"

அவன் நிமிரவில்லை.

"கண்ணு, என்ன எழுதற?"

அருள்செல்வன் எழுதிக்கொண்டே இருந்தான்.